சேஸ்ல ஓட்டை விழுந்த ஜீப்ப வீட்ல வச்சே வெல்டு அடிக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல ஒருதடவ நானே சொல்லிப் பாத்துக்கிறேன், ஏன்னா அதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு கெடக்கு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஓடுன 1997 மாடல் கமாண்டர் ஜீப்பு, அப்பா வாங்குனது, 2027-ல ஆர்சி புதுப்பிக்கணும். கீழ படுத்துப் பாத்தா இடது பக்க சேஸ் ரெயில்ல பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னால கட்டைவிரல் நுழையிற அளவுக்கு ஓட்டை, இன்னும் பின்னால போனா ஸ்பிரிங் பட்டை தொங்குற பிராக்கெட்ட சுத்தி துரு உரிஞ்சு வருது. மார்த்தாண்டத்துல ஒரு பட்டறைல 45,000 கேட்டாங்க, களியக்காவிளை தாண்டி பாறசாலைல ஒருத்தர் மேல பிளேட்ட வச்சு 7,000-க்கு முடிச்சுத் தாறேன்னுட்டாரு. உங்ககிட்ட 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் மெஷின் இருக்கு, கேட்டு கிரில்லு அடிச்ச பழக்கமும் இருக்கு, அப்போ நானே அடிச்சா என்னன்னு கேக்குறீங்க. "இந்த மெஷின் போதுமா"ங்கிறது மேலாப்புல உள்ள கேள்வி. அடியில கெடக்குறது, நான் அடிச்ச ஒட்ட நம்பி அம்மாவையும் புள்ளைகளையும் பின்சீட்ல உக்கார வச்சு பேச்சிப்பாறை ஏத்தம் ஏறலாமாங்கிறது. மொத கேள்விக்கு பதில் ரொம்ப சின்னது, போதும். ரெண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத வேண்டி இருக்கு.

நான் ஐடிஐ-ல ஒரு வருஷ வெல்டர் ட்ரேடு முடிச்சு, ஒரு ஆசான்கிட்ட படகு வேலையும் வண்டி வேலையும் பழகி, கல்ஃப்ல நாலு வருஷம் பைப் வெல்டரா இருந்துட்டு ஊருக்கு வந்து பட்டறை போட்டவன். எல்லாம் சேத்து 23 வருஷம் ஆச்சு. லேடர் சேஸ், அதாவது ஏணி மாதிரி ரெண்டு நீள ரெயிலும் நடுவுல கிராஸ் மெம்பரும் உள்ள ஜீப்பு, பிக்கப், டெம்போ, இதுதான் எனக்க ஏரியா. இப்போ வர்ற காருக எல்லாம் பாடியே சேஸு, தகடு ஒரு மில்லி கூட இருக்காது சில எடத்துல, அதுவும் ஹை டென்சைல் ஸ்டீலு கலந்து வரும், அந்த வேலைக்கு நான் சொல்றத எடுத்துக்கிடாதீங்க. அதே மாதிரி பெரிய லாரி சேஸுக்கும் இது பொருந்தாது, அதுல கண்ட எடத்துல சூடு வச்சா இரும்புக்க கொணமே மாறிப் போவும்.

சுருக்கமா சொன்னா ரெயிலுக்க நடு முகத்துல, அதாவது மேல் மடக்குக்கும் கீழ் மடக்குக்கும் நடுவுல செங்குத்தா நிக்கிற பக்கத்துல இருக்குற ஓட்டைய நீங்க வீட்லயே அடைக்கலாம், நான் கீழ சொல்ற சோதனைல உங்க கை தேறுனா. ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்த தனியா நீங்க அடிக்கக் கூடாது. ஆனா அந்த 45,000-ல பாதிக்கு மேல கூலி எதுக்குன்னா கழட்டுறதுக்கும் சுரண்டுறதுக்கும் வெட்டுறதுக்கும், அத்தனையும் உங்களால பண்ண முடியும். அதுக்கு கடைசில வாறேன்.

மொதல்ல இந்த துரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தாதான் எங்க தேடணும்னு புரியும். நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் அடிக்கும், இடவப்பாதியும் ஐப்பசி மழையும், சேஸு முழுசா காயிறதுக்கு வருஷத்துல நாலஞ்சு மாசம் கெடச்சா பெருசு. தோட்டத்து செம்மண்ணு ரெயிலுக்க உள்வாயில அப்பி நிக்கும், வெளிய வெயிலடிச்சாலும் அதுக்குள்ள ஈரம் போவாது. உங்க வண்டில ரப்பர் பால் கேனும், ரப்பர் ஷீட் அடிக்கிறதுக்கு ஃபார்மிக் ஆசிட் கேனும் போயிருக்கும், கேன் தளும்பி பின்பக்கம் ஒழுகுனது எங்க போயி நிக்கும், பிராக்கெட் மடக்குலதான். கடப்புறத்து வண்டின்னா கத வேற. குளச்சல், தேங்காப்பட்டணத்துல இருந்து மீன் ஏத்திட்டு என்ஹெச்-ல கேரளாக்கு ஓடுற டெம்போக்களுக்கு ஐஸ் உருகுன உப்புத்தண்ணி நேரா சேஸ் மேலயே சொட்டிக்கிட்டே போவும், ஆறேழு வருஷத்துல பின்பாதி போயிரும். துருவுக்கு இன்னொரு கெட்ட கொணம், அது தின்ன இரும்ப விட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் புடிக்கும். அதனால ரெண்டு பிளேட் ஒண்ணு மேல ஒண்ணு இருக்குற எடத்துல நடுவுல துரு பூந்துட்டா பிளேட்டையே பிதுக்கித் தள்ளும், ரிவிட்டு தலை தெறிச்சுக் கெடக்கும். வெளிய வீங்கித் தெரியிற எடம் எல்லாம் உள்ள செத்த எடம்னு வச்சுக்கிடுங்க.

இப்போ முக்கியமான வேலை, அது வெல்டிங்கே இல்ல. நல்ல இரும்பு எங்க தொடங்குதுன்னு கண்டுபுடிக்கணும். வண்டிய நல்லா பிரஷர் வாட்டர்ல கழுவி ரெண்டு நாளு காய விட்டு, கிரைண்டர்ல கப் பிரஷ் போட்டு தேச்சு எடுத்துட்டு, ஒரு சின்ன பால் பீன் சுத்தியல எடுத்துக்கிட்டு ரெயில் நெடுக முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரு சாணுக்கு நாலு தட்டு தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு "டிங்"குன்னு சுத்தியல திருப்பி எறியும், கைக்கே தெரியும். கெட்டுப்போன எடத்துல "டப்"புன்னு ஒரு சத்தம், ஈர மண்சட்டிய தட்டுன மாதிரி, சுத்தியலு அங்கயே உக்காந்துரும். அந்த எடத்துல பழைய ஸ்க்ரூட்ரைவர் முனைய வச்சு குத்துனா பப்படம் மாதிரி அடுக்கடுக்கா உரியும், நீங்க உரிச்சு முடிக்கும்போது கட்டைவிரல் ஓட்டை உள்ளங்கை ஓட்டையா ஆயிருக்கும். பயப்படாதீங்க, ஓட்டைய நீங்க பெருசாக்கல, அது மொதல்லயே அவ்வளவு பெருசுதான். சாக்பீஸ்ல அந்த எல்லைய கோடு போட்டு, நல்ல எடத்துல ஒரு போல்ட் ஓட்டைல வெர்னியர் விட்டு பிளேட் கனம் என்னன்னு பாத்துக்கிடுங்க, 3 மில்லியா 4 மில்லியான்னு. நான் வச்சிருக்க கணக்கு, கனத்துல மூணுல ஒரு பங்கு போயிருந்தா அந்த எடத்த வெட்டி எறிஞ்சிருவேன். இது புத்தக விதி இல்ல, பட்டறை விதி, இன்னொரு ஆசான் வேற கணக்கு சொல்லுவாரு. ஆனா மெலிஞ்ச இரும்பு மேல வெல்டு நிக்காதுங்கிறதுல யாருக்கும் ரெண்டாவது கருத்து கெடையாது, அடிச்ச வெல்டு ஓரத்துலயே பிளேட்ட அறுத்துரும்.

இத நான் சும்மா படிச்சுட்டு சொல்லல. பட்டறை போட்ட ரெண்டாவது வருஷம் ஒரு மீன் வண்டி வந்துச்சு, பிராக்கெட்டுக்கு முன்னால இதே மாதிரி ஓட்டை. அவசரம்னாரு, நாளைக்கு லோடு இருக்குன்னாரு. நான் துருவ மேலாப்புல தேச்சுட்டு ஒரு 8 மில்லி பிளேட்ட சதுரமா வெட்டி மேல வச்சு நாலு பக்கமும் மொத்தமா அடிச்சு, கருப்பு பெயிண்டும் பூசி குடுத்தேன். பாக்க யானைக்கால் மாதிரி கெட்டியா இருந்துச்சு, எனக்கே பெருமை. நாலு மாசத்துல வண்டி திரும்பி வந்துச்சு, ரெயிலு எனக்க பிளேட்டுக்க ஓரத்துல மேல இருந்து கீழ நேர்கோட்டுல கீறி, கீழ் மடக்குல ஒரு அங்குலந்தான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகல, வெல்டுக்கும் ஒண்ணும் ஆகல. பாலராமபுரம் தாண்டி வரும்போது பின்னால ஒரு பக்கம் இழுக்குதேன்னு டிரைவர் எறங்கிப் பாத்ததுனால ஆளுக்கு சேதம் இல்ல. எனக்க ஆசான் வந்து பாத்துட்டு திட்டக்கூட இல்ல, "நீ ஒட்டுனது பிளேட்ட ரெயிலுக்க துருவோடல்லா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அதுல ரெண்டு தப்பு இருக்கு, ஒண்ணு துரு மேல அடிச்சது, இன்னொண்ணு கனம் கூட்டுனது. 3 மில்லி ரெயில் ஓடும்போது கொஞ்சம் வளையும், வளையணும். அதுக்கு நடுவுல 8 மில்லிய வச்சா அந்த எடம் மட்டும் வளையாது, வளைய வேண்டியதெல்லாம் பிளேட் முடியிற அந்த ஒரு கோட்டுல போயி சேரும், தகர டப்பா மூடிய அங்கயும் இங்கயும் மடக்கி உடைப்போமே அது மாதிரி. அதனால பேட்ச் பிளேட்டு ரெயிலு என்ன கனமோ அதே கனம், சாதாரண எம்எஸ், அதாவது மைல்ட் ஸ்டீலு போதும், இரும்புக் கடைல ஐஎஸ் 2062 பிளேட்டுன்னு கேட்டா தருவாங்க. பழைய ஜிஐ தகடு, கழிச்சுப் போட்ட ஸ்பிரிங் பட்டை எல்லாம் வேண்டாம். ஸ்பிரிங் பட்டை கார்பன் கூடுன இரும்பு, வெல்டு ஓரத்துல கண்ணாடி மாதிரி உடையும். பேட்சுக்க மூலைகளை சதுரமா விடாதீங்க, ஒரு டம்ளர் வாய வச்சு கோடு போட்டு உருட்டி வெட்டுங்க, கீறலு எப்பவும் மூலைல இருந்துதான் கெளம்பும். 7,000-க்கு மேல பிளேட்ட வச்சுத் தாறேன்னவர் என்ன பண்ணுவாரோ நான் சொல்லக் கூடாது, ஆனா அன்னைக்கு நான் பண்ணுனதும் அந்த வேலைதான்.

உங்க ஓட்டை நடு முகத்துல இருக்குறது உங்க அதிர்ஷ்டம். ஒரு பலகைய ரெண்டு கல்லு மேல வச்சு நடுவுல ஏறி நின்னு பாருங்க, கீழ்முகம் இழுபடும், மேல்முகம் நெருங்கும், நடுவுல உள்ள மரம் பெருசா கஷ்டப்படாது. ரெயிலும் அப்படித்தான், சுமையெல்லாம் மேல் மடக்கும் கீழ் மடக்குந்தான் எடுக்கும். அதனால துரு நடு முகத்தோட நின்னிருந்தா வீட்டு வேலை. மேல் மடக்கையோ கீழ் மடக்கையோ தொட்டிருந்தா, பட்டறை வேலை. பிராக்கெட், ஸ்டீயரிங் பாக்ஸ் உக்காருற எடம், கிராஸ் மெம்பர் சேருற எடம், இதுல எதுன்னாலும் யோசிக்கவே வேண்டாம். அங்க ஒரு எடம் விட்டுப் போச்சுன்னா பின் ஆக்சிலே ஒரு பக்கம் நகந்துரும், பிரேக் புடிக்கும்போது வண்டி நீங்க நெனச்ச பக்கம் போவாது.

சரி, நடு முகந்தான்னு உறுதியாயிடுச்சுன்னு வச்சுக்கிடுவோம். வெட்டுறதுக்கு முன்னால வண்டிய மட்டமான சிமெண்ட் தரைல நிறுத்தி, ஜாக்கில தூக்கி ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு குடுத்து உக்கார வைங்க. ஜாக்கிய மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க, ஹாலோ பிளாக்க அடுக்கி வைக்காதீங்க, அது சொல்லாம கொள்ளாம பொடிஞ்சுரும். அப்புறம் தூக்குக்குண்டு எடுத்து, ரெண்டு ரெயில்லயும் ஒரே மாதிரி இருக்குற போல்ட் ஓட்டைக நாலுல இருந்து தரைக்கு விட்டு சாக்பீஸ்ல புள்ளி வச்சு, குறுக்கு மறுக்கா டேப் புடிச்சு அளவ சுவத்துலயே எழுதி வைங்க. டேக், அதாவது துண்ட நிறுத்த அங்கங்க புள்ளி மாதிரி வைக்கிற சின்ன வெல்டு, அத போட்ட பிறகு ஒருதடவ, முழுசா அடிச்ச பிறகு ஒருதடவ இதே அளவு வருதான்னு பாக்கணும். வெல்டு ஆறும்போது இரும்ப இழுக்கும், அத நீங்க கண்ணால பாக்க முடியாது, டேப்புதான் சொல்லும்.

நெருப்பு விஷயத்துல கொஞ்சம் அதிகமா பேசிருவேன், பொறுத்துக்கிடுங்க. டீசல் டேங்க்க கழட்டி வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு வைங்க, காலி டேங்குதானேன்னு விட்டுராதீங்க, நெறஞ்ச டேங்க விட காலி டேங்க்ல இருக்குற ஆவிதான் வெடிக்கும். பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் ரெயில் ஓரமாத்தான் போவும், வெல்டு அடிக்கிற எடத்துல இருந்து அத கழட்டி ஒதுக்கணும். ஷாக் அப்சார்பரையும் பக்கத்து டயரையும் கழட்டிருங்க, காத்தடச்ச டயரோட ரிம்முல சூடு ஏறுனா உள்ள இருக்குற ரப்பரே ஆவியாகி டயர் வெடிச்ச சம்பவங்கள் உண்டு. பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க, ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டுனா நல்லது. எர்த் கிளாம்ப வெல்டுக்கு ஒரு சாணுக்குள்ள தேச்ச இரும்புல மாட்டுங்க, எங்கயோ பம்பர்ல மாட்டுனா கரண்டு வீல் பேரிங் வழியா போயி பேரிங்க்ல குழி விழுந்துரும், மூணு மாசம் கழிச்சு "ங்ங்ங்"னு சத்தம் வரும், ஏன்னு யாருக்கும் தெரியாது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்ச எடத்துல வெல்டு கொளுத்தாதீங்க, சில ஸ்ப்ரேல குளோரின் சேந்த சால்வென்ட் இருக்கும், ஆர்க் பட்டா பாஸ்ஜீன்னு ஒரு விஷவாயு வரும், கொஞ்சமா இருந்தாலும் நுரையீரல கெடுத்துரும். பின்பக்கம் ஒட்டுப்பால் சாக்கு, ஷீட்டு எதுவும் கெடக்குதான்னு பாருங்க, ஓலைப்பெரைக்கு அடியில அடிக்காதீங்க. ஒரு ஆளு தண்ணி வாளியோட வெளிய நிக்கணும், வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் அந்த எடத்த விட்டு போகக் கூடாது, புகையிறது அப்புறந்தான் எரிய ஆரம்பிக்கும்.

கண்ணு. ஆட்டோ டார்க் ஹெல்மெட் 10 அல்லது 11 ஷேடு. ஒருதடவ வெறுங்கண்ணுல டேக் போட்டாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி எழும்பி உக்காருவீங்க. உருளைக்கெழங்கு வெட்டி வைக்கிறது, தாய்ப்பால் விடுறதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சின்ன வயசுல கெழங்கு வச்சவன்தான், அதெல்லாம் வேண்டாம், கண் டாக்டர பாருங்க. அப்புறம் கரண்டு. மழைக்காலத்துல ஈரத்தரைல வேர்த்து ஒழுகிட்டு வண்டிக்கு அடியில படுத்து ராடு மாத்துறது உண்மையிலேயே ஆபத்து, மெஷின் சும்மா நிக்கும்போதே ஹோல்டர்ல 60, 70 வோல்ட் இருக்கும். காஞ்ச பலகையோ ரப்பர் மேட்டோ போட்டுப் படுங்க, காஞ்ச கிளவுசு, வீட்டு லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆவுற சுவிட்சு, இருக்குதான்னு பாருங்க. எக்ஸ்டென்ஷன் ஒயரு 2.5 ஸ்கொயருக்கு கொறையாம, சுருட்டி வைக்காம முழுசா விரிச்சுப் போடணும், சுருள்ல சூடு ஏறி உருகும்.

மெஷின் 200 ஆம்ப்ஸ்னு பெருமைப்பட ஒண்ணும் இல்ல, 3 மில்லி பிளேட்டுக்கு 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மில்லி, 70-ல இருந்து 85 ஆம்ப்ஸ்தான் வேணும், வீட்டு 16 ஆம்ப் பிளக்குலயே ஓடும். கேஸ் விட்டு கம்பில வெல்டு அடிக்கிற சிஓ2 மெஷின் கெடச்சா இந்த கனத்துக்கு அதுதான் சௌகரியம், ஆனா காத்தடிக்கிற வெளி எடத்துல கேஸு பறந்து வெல்டுல ஓட்டை ஓட்டையா விழும், ராடு அந்த விஷயத்துல நல்லவன். வெல்டிங் ராடுல 6013, 7018ன்னு ரெண்டு ரகம் இருக்கு, இதுல எதுங்கிறதுல ஆளுக்காளு சண்டை போடுவாங்க. 7018 அடிச்ச வெல்டு நல்லா இழுபடும், சீக்கிரம் கீறாது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த ராடு ஈரம் புடிச்சா அந்த நன்மையே போச்சு, திரும்ப காய வைக்க 300 டிகிரிக்கு மேல ஓவன் வேணும், வீட்டு கேக்கு ஓவன் 250-ஓட நின்னுரும், நம்ம ஊரு ஜூன் மாச காத்துல பாக்கெட்ட பிரிச்சு வச்சா மறுநாளே போயிரும். அதுவும் கேட்டு கிரில்லு அடிச்ச கைக்கு மொதல்ல ஒட்டி ஒட்டிப் புடிக்கும். இந்த கனத்துல சாதா எம்எஸ்ஸுக்கு ஈரமில்லாத 6013-ஐ ஒழுங்கா அடிச்சா போதும்ங்கிறது எனக்க அபிப்பிராயம், மாத்துக் கருத்து உள்ளவங்களும் தப்பானவங்க இல்ல. ஹோல்டர நெகட்டிவ்ல போட்டா ஓட்டை விழுறது கொறையும்.

இப்போ நான் மேல சொன்ன சோதனை. கேட்டு அடிச்சவங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும், கோவிச்சுக்கிடாதீங்க, கேட்டு வெல்டு பாக்க அழகா இருந்தா போதும், உள்ள புடிச்சிருக்குதான்னு யாரும் பாக்குறதில்ல. ரெயிலு என்ன கனமோ அதே பிளேட்ல ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ணு மேல ஒண்ண 'டி' எழுத்து மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடிங்க, அதுவும் மேசைல வச்சு இல்ல, வண்டில எந்த நெலைல அடிக்கப் போறீங்களோ அதே மாதிரி செங்குத்தா, கீழ இருந்து மேல. ஆறுன பிறகு வைஸ்ல புடிச்சு, நிக்கிற துண்ட வெல்டு அடிச்ச பக்கத்தப் பாத்து மடக்கிப் பெரிய சுத்தியல்ல அடிச்சு உடைங்க. உடைஞ்ச முகத்த வெயில்ல புடிச்சுப் பாருங்க. அடி மூலை வரைக்கும் சாம்பல் நெறத்துல சொரசொரன்னு இருந்தா நல்லது. அடியில பளபளன்னு வெட்டுன பிளேட் ஓரம் அப்படியே தெரிஞ்சா, நீங்க பூசியிருக்கீங்க, ஒட்டல. கருப்பு கருப்பா கோடு இருந்தா ஸ்லாக், அதாவது வெல்டு மேல படியிற கசடு, உள்ள மாட்டிருக்கு. மேல இருந்து கீழ இழுத்து அடிச்சா அழகா வரும், ஆனா 6013-ல அது உள்ள எறங்காது, அதனாலதான் கீழ இருந்து மேலன்னு சொல்றேன். தொடர்ச்சியா நாலு துண்டு தேறுற வரைக்கும் வண்டிகிட்ட போகாதீங்க. என்கிட்ட பழக வாற பையனுக்கு இது ரெண்டு வாரம் ஆவும்.

தேறிட்டீங்கன்னா மிச்சம் பொறுமை வேலைதான். கெட்ட எடத்த நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி எடுத்து, அந்த ஓட்டைக்கு அச்சா உக்காருற மாதிரி துண்டு வெட்டி, சுத்தி 2 மில்லி இடைவெளி விட்டு, ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் சாய்ச்சு தேச்சு, எதிரெதிர் மூலைல டேக் போடுங்க. பின்னால ஒரு செம்பு பட்டைய அழுத்திப் புடிச்சா உருகுன இரும்பு வழியாது, செம்புல ஒட்டவும் ஒட்டாது. அப்புறம் ஒரு அங்குலம் இங்க, ஒரு அங்குலம் எதிர்பக்கம்னு மாத்தி மாத்தி அடிங்க, கை வைக்கிற அளவுக்கு ஆற விடுங்க, தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் ஸ்லாக்க தட்டி பிரஷ் போட்டுட்டுத்தான் அடுத்தது. அதுக்கு மேல வெளிப்பக்கம் இன்னொரு பிளேட் வைக்கணுமா வேண்டாமாங்கிறது இன்னொரு தீராத சண்டை. நான் நடு முகத்துல வைக்கிறதில்ல, துண்டு ஒழுங்கா உக்காந்தா போதும். வச்சே ஆகணும்னா ரெண்டு முனையும் கூம்புன சாய்சதுரமா வெட்டி, நீள வாக்குல மட்டும் அடிங்க, ரெயில குறுக்க மேல இருந்து கீழ நேர்கோட்டுல வெல்டு போகவே கூடாது.

அடிச்சது புடிச்சுதான்னு பாக்க பழைய வழி ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் சுண்ணாம்பு கரைச்சுப் பூசி காய விட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டா, ஊசி ஓட்டை இருந்தாலும் சுண்ணாம்புல ஈரப் புள்ளி விழும். மண்ணெண்ணெய் இப்போ எங்க கெடைக்குது, டீசலும் ஆவும். இதுல தெரியிறது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போற ஓட்டை மட்டுந்தான், உள்ள ஒட்டாம இருக்குறது தெரியாது. கீறல் பாக்க செவப்பு டை, வெள்ளை டெவலப்பர்னு ஸ்ப்ரே வருது, வெல்டிங் சாமான் விக்கிற கடைல கேளுங்க, அதுவும் மேல வந்த கீறலத்தான் காட்டும். அதனாலதான் துண்டு உடைச்சுப் பாக்க சொன்னேன், வண்டில உள்ளத உடைச்சுப் பாக்க முடியாதுல்ல.

பெயிண்ட் விஷயம் சுருக்கமா. துருவ மாத்துற கெமிக்கல் மேல்தோல் துருவ நிறுத்தும், போன இரும்ப திருப்பித் தராது, அது மேல வெல்டும் அடிக்கக் கூடாது. வெல்டு முடிஞ்சு எபாக்சி பிரைமர் ரெண்டு கோட், மேல பெயிண்ட், பாக்ஸா மூடுன எடத்துல உள் பெயிண்ட் கருகிப் போயிருக்கும், அங்க குழாய் வச்சு கேவிட்டி வேக்ஸ் அடிக்கணும். சேஸ்ல கம்பெனியே விட்ட தண்ணி வடியிற ஓட்டைக செம்மண்ணுல அடைஞ்சு கெடக்கும், அத கம்பி விட்டு தொறந்து விடுங்க, பெயிண்ட விட அது பெரிய மருந்து. பழைய இன்ஜின் ஆயில் தடவுனா ரப்பர் புஷ் ஊறிப் போவும். வள்ளத்துக்கு பூசுற அண்டி எண்ணெய்ய, அதாவது முந்திரிக்கொட்டை தோட்டு எண்ணெய்ய, சேஸுக்கு அடிச்ச ஒரு பெரியவர எனக்குத் தெரியும், மரத்துக்கு அது நல்ல சரக்குதான், ஆனா அவருக்கு கை ரெண்டும் வெந்து போச்சு, சேஸுக்கு என்ன நன்மை ஆச்சுன்னு பாக்க வண்டிய அவரு வச்சிருக்கல.

ஆர்டிஓ விஷயம் கேட்டீங்க. சொந்த வண்டிக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் ஒவ்வொரு 5 வருஷத்துக்கும் ஃபார்ம் 25 குடுத்து, வண்டிய காட்டி புதுப்பிக்கணும், அதுதான் உங்க 2027. துரு வெட்டி அதே அளவுல இரும்பு வைக்கிறது ரிப்பேர். 1988 மோட்டார் வாகன சட்டத்துல 52-ஆவது பிரிவு தடுக்கிறது ஆர்சில எழுதியிருக்குற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்துறத, அதனால நீளம் கூட்டுறது, சேஸ் மாத்துறதுன்னு போகாதீங்க. கிரைண்டர் எடுக்குறதுக்கு முன்னால சேஸ் நம்பர் எங்க அடிச்சிருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சு, பேப்பர வச்சு பென்சில் பிரிண்ட் எடுத்து, போட்டோவும் எடுத்துட்டு, கிரீஸ் தடவி டேப் ஒட்டி மூடிருங்க. அந்த எடத்துல துரு இருந்தா கப் பிரஷ் கூட வைக்காதீங்க, நேரா ஆர்டிஓ ஆபீஸ்ல போயி கேட்டுட்டு தொடுங்க. நம்பர் தேஞ்ச வண்டிக்கு நீங்க என்ன கத சொன்னாலும் திருட்டு வண்டி மாதிரிதான் பாப்பாங்க, அதுவும் பார்டர்ல ஓடுற வண்டி.

இனி காசு கணக்கு. கழட்டுறது, கழுவுறது, தேக்குறது, தட்டிப் பாத்து கோடு போடுறது, அளவு எடுக்குறது, நடு முகத்து பேட்சு, பெயிண்டு, இது எல்லாம் நீங்க. பிராக்கெட்டுக்கு மட்டும் வெளிய இருந்து மெஷினோட வந்து வேலை பாக்குற ஒரு நல்ல வெல்டர ஒரு நாளைக்கு கூப்பிடுங்க. நல்லவர எப்படித் தெரியும்னா, வந்ததும் ராடு எடுக்காம மொதல்ல சுத்தியல் எடுத்து தட்டிப் பாப்பாரு, பழைய பிராக்கெட்ட வெட்டி எறியணும்னு சொல்லுவாரு. துரு மேலயே அடிச்சுரலாம்னு சொன்னா டீய குடுத்து அனுப்பிருங்க. முடிச்ச பிறகு முதல் மாசம் தனியா, லோடு இல்லாம ஓட்டுங்க, ஒரு 500 கிலோமீட்டர்ல கீழ கழுவிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெல்டு ஓரத்துல முடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு பெயிண்ட்டுக்கு வெளிய வந்திருந்தா அது கீறலு, வண்டிய நிறுத்திருங்க.

நீங்க அனுப்புன போட்டோல ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் வெறும் சேறுதான் தெரியுது, ஒண்ணும் சொல்ல முடியல. பிராக்கெட் மடக்குக்குள்ளயும் நெழலா இருக்கு, கீழ் மடக்கு வரைக்கும் துரு போயிருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பிரஷ் அடிச்ச பிறகு, பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் டார்ச் அடிச்சு எடுத்து அனுப்புங்க, வலது ரெயிலையும் சேத்து. இடது பக்கம் போன வண்டில வலது பக்கம் நல்லா இருந்து நான் அதிகம் பாத்ததில்ல.